கசியும் காலிப்பர்: காவிரிப் படுகையில் பழைய கார்களின் பிரேக் புனரமைப்பு

கேள்வியும் அதன் எல்லையும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய டெல்டா மாவட்டங்களில் இன்று பழைய கார் என்று சொல்லப்படுபவை இரண்டு தலைமுறைகளைச் சேர்ந்தவை. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் முதல் தலைமுறை. மாருதி 800, 1993-இல் வந்த ஜென், 1998-இல் வந்த சான்ட்ரோ போன்றவை இரண்டாம் தலைமுறை. முதல் தலைமுறை வண்டிகள் பெரும்பாலும் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்டவை. அம்பாசடரின் பிந்தைய வகைகளில்தான் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. இரண்டாம் தலைமுறை வண்டிகளிலோ முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்பது பொது அமைப்பாகிவிட்டது. ஆகவே பழைய காரில் பிரேக் ஆயில் கசிகிறது என்ற புகார், ஒரு காலத்தில் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரைக் குறித்தது போக, இன்று டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் குறிப்பதாகவும் மாறியிருக்கிறது.

கசியும் காலிப்பருக்கு மூன்று தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன. ரப்பர் சீல்கள் அடங்கிய கிட்டை மட்டும் மாற்றலாம் என்பது ஒன்று; பிஸ்டனையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது இரண்டாவது; முழுக் காலிப்பரையே புதிதாக வாங்கிப் பொருத்துவதே பாதுகாப்பு என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. மூன்றும் சில வண்டிகளில் வென்றும் சில வண்டிகளில் தோற்றும் உள்ளன. கசிவு வெளிப்படுவது ரப்பரில் என்றாலும் அதன் வேர் பெரும்பாலும் பிரேக் ஆயிலில் கலந்த நீரிலும், அந்த நீர் உண்டாக்கும் துருவிலும் இருக்கிறது. அந்த வேரைக் கணக்கில் கொண்டு பார்த்தால்தான் எந்தத் தீர்வு எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பது தெளிவாகும்.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு

திரவ அழுத்தத்தால் நான்கு சக்கரங்களையும் ஒரே சமயத்தில் நிறுத்தும் முறை, 1921-இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் காரில் விற்பனைக்கு வந்தது. தொடக்கக் காலத்தில் பிரேக் திரவமாகப் பரவலாகப் பயன்பட்டவற்றுள் ஒன்று விளக்கெண்ணெயும் சாராயமும் கலந்த கலவை. இயற்கை ரப்பரை விளக்கெண்ணெய் கெடுப்பதில்லை என்பதும், பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் எண்ணெய்கள் அதே ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்யும் என்பதும் அப்போதே அறியப்பட்டிருந்தன.

சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902-இலேயே காப்புரிமை பெற்றிருந்தும், அது பரவலாகப் பயனுக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார்கள் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்றன. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். காரும், 1956-இல் கெர்லிங் நிறுவனத்தின் டிஸ்க்குகளைத் தாங்கிய டிரையம்ப் டி.ஆர்.3 காரும் அதைப் பொதுமக்கள் வாங்கும் வண்டிகளுக்குக் கொண்டுவந்தன. அதே கெர்லிங் பெயர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாக 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சென்னை பாடியில் பிரேக் உறுப்புகளைத் தயாரிக்கத் தொடங்கியது, டி.வி.எஸ். கெர்லிங் என்ற முத்திரையோடு வரும் பிரேக் ஆயில் டப்பாவும் சீல் கிட்டும் டெல்டாவின் உதிரிபாகக் கடைகளில் பழகிப்போன பொருள்கள் ஆயின.

காலிப்பரின் உள்ளமைப்பு

காலிப்பர்கள் இரு வகைப்படும். டிஸ்க்கின் இருபுறமும் பிஸ்டன்கள் எதிரெதிரே அமைந்து, உடல் அசையாமல் நிற்பது நிலைக் காலிப்பர். ஒரு புறம் மட்டும் பிஸ்டன் இருக்க, அது உள்பக்க பேடை, அதாவது டிஸ்க்கை உரசி நிறுத்தும் தகட்டை, தள்ளும்போது காலிப்பரின் உடலே வழிகாட்டி ஊசிகளின்மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பக்க பேடையும் இழுத்து அழுத்துவது நகரும் காலிப்பர். மாருதி 800 முதலிய சிறு கார்களில் இருப்பது இரண்டாவது வகை.

இதில் நடக்கும் அழுத்தத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர சென்டிமீட்டர். குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தம் எழுந்தால், அந்தப் பிஸ்டன் பேடைத் தள்ளும் விசை ஏறத்தாழ 980 கிலோ ஆகிறது. ஒரு டன்னை நெருங்கும் இந்த விசைக்குப் பின்னால் நிற்கும் திரவத்தை வெளியேறாமல் காப்பது, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே ஒரு ரப்பர் வளையம்.

சதுர வெட்டுமுகம் கொண்ட அந்த வளையம் காலிப்பரின் உள்சுவரில் வெட்டப்பட்ட பள்ளத்தில் உட்கார்ந்து, பிஸ்டனின் வெளிப்பரப்பை இறுகப் பற்றியிருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே செல்ல, வளையம் அதை விடாமல் பற்றியபடி சற்றே வளைந்துகொடுக்கிறது; மிதியை விட்டதும் வளையம் தன் பழைய வடிவத்துக்கு மீள, பிஸ்டனும் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அளவு பின்வாங்குகிறது. காலிப்பரில் பிஸ்டனைப் பின்னிழுக்கத் தனி ஸ்பிரிங் பொதுவாக இருப்பதில்லை. எனவே இந்த வளையம் இறுகிப் போனாலோ ஊதிப் போனாலோ கசிவு மட்டுமல்லாமல், மிதியை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும் பிரேக் பிடித்தல் என்ற கோளாறும் வருகிறது.

டிரம்மின் வீல் சிலிண்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு புனரமைப்பின் முறையையே தீர்மானிப்பது. வீல் சிலிண்டரில் ரப்பர் கிண்ணம் பிஸ்டனோடு சேர்ந்து நகர்கிறது. அது உரசுவது சிலிண்டரின் உள்சுவரை. ஆகவே அங்கே உள்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும், சிறு கீறல்களை ஹோனிங் செய்து, அதாவது தேய்த்து மெருகேற்றி, நீக்குவதற்கும் பொருள் உண்டு. காலிப்பரிலோ வளையம் பள்ளத்தில் நிலையாக நிற்க, பிஸ்டன்தான் அதன் ஊடாக நகர்கிறது. ஆகவே இங்கே வழவழப்பாக இருக்க வேண்டியது பிஸ்டனின் வெளிப்பரப்பு. சுத்தமாக இருக்க வேண்டியது வளையம் அமரும் பள்ளம். வீல் சிலிண்டரில் கைதேர்ந்த பழக்கத்தோடு காலிப்பரின் உள்சுவரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, புள்ளி விழுந்த பிஸ்டனையும் கசடு படிந்த பள்ளத்தையும் அப்படியே விடுவது பட்டறைகளில் காணப்படும் பிழைகளில் முதன்மையானது.

நீரும் துருவும்

இன்று பரவலாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில்கள் கிளைக்கால் அடிப்படையிலான திரவங்கள். பெயரில் ஆயில் இருந்தாலும் அவை எண்ணெய் அல்ல. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் இயல்பு. நெகிழும் ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் ஆயில் கிண்ணத்தின் மூடித் துளை வழியாகவும் அந்த ஈரம் ஆண்டுக்கணக்கில் உள்ளே சேர்கிறது. புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்குகிறது. டாட் 4 திரவத்துக்கு அவ்வெல்லைகள் முறையே 230, 155 டிகிரி. கொதிநிலை இறங்குவது மலைப்பாதையில் ஓடும் வண்டிக்குப் பெரிய ஆபத்து. சமவெளியான டெல்டாவில் அதைவிடப் பெரிய தீமை, அந்த நீர் இரும்பில் வேலை செய்வதுதான். திரவத்தில் சேர்க்கப்பட்டுள்ள துருத்தடுப்பு வேதிப்பொருள்களும் காலப்போக்கில் தீர்ந்துபோக, காலிப்பரின் பள்ளத்திலும் குரோம் பூசிய பிஸ்டனின் நுண்வெடிப்புகளிலும் துரு தொடங்குகிறது.

வெளியிலிருந்து வரும் நீர் வேறொரு வழியில் செயல்படுகிறது. பிஸ்டனின் வெளிநுனியை மூடி நிற்கும் தூசி உறை, அதாவது மெக்கானிக்குகள் டஸ்ட் கவர் என்று சொல்லும் ரப்பர் மடிப்பு, கிழிந்தாலோ இடம் பெயர்ந்தாலோ சேற்றுநீர் அதற்குள் புகுந்து தங்குகிறது. டெல்டாவின் வண்டல் மண் நுண்ணியது. ஈரத்தை எளிதில் விடாதது. காய்ந்த பிறகு பிஸ்டனைச் சுற்றி இறுகிப் படிவது. மழையின் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையே தருவதால், அக்காலத்தில் வாய்க்கால் கரைச் சாலைகளிலும் வயல்களுக்கு இடைப்பட்ட தாழ்ந்த சாலைகளிலும் ஓடும் வண்டியின் சக்கரங்கள் வாரக்கணக்கில் காய்வதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரையிலான கரையோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலைப் போன்ற நிகழ்வுகளில் நீரில் நின்ற வண்டி, வெளியே கழுவித் துடைக்கப்பட்டாலும், தூசி உறைக்குள் தங்கிய நீரைத் தாங்கியபடியே இருக்கக்கூடும்.

இந்தத் துரு எப்போது கசிவாக மாறுகிறது என்பதே பெரும்பாலான தகராறுகளின் மூலம். பேடு தேயத் தேயப் பிஸ்டன் சிறிது சிறிதாக வெளியே வந்து நிற்கிறது. வெளியே வந்த பகுதி, கிழிந்த தூசி உறையின் அடியில் ஈரம் பட்டுத் துருப்பிடிக்கிறது. வளையம் பற்றியிருக்கும் பகுதியோ ஆயிலில் நனைந்து நல்ல நிலையில் இருப்பதால் கசிவு தெரிவதில்லை. புதிய பேடு போடும் நாளில், அதன் தடிமனுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, துருப்பிடித்த அந்தப் பகுதி வளையத்தின் ஊடாகச் சென்று அதன் உதட்டைக் கீறுகிறது. சில நாள்களில் சக்கரத்தின் உட்புறம் ஈரமாகிறது. பேடு மாற்றிய பிறகுதான் கசிய ஆரம்பித்தது என்று வண்டிக்காரர் சொல்வது உண்மை. பேடு மாற்றியவர் கெடுத்துவிட்டார் என்ற முடிவு பல வேளைகளில் பொய். பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் தூசி உறையை விலக்கிப் பார்ப்பதும், தள்ளும்போது ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகுமுனையான ப்ளீடிங் நிப்பிளைத் திறந்து அழுக்கு ஆயிலை மேலே, மிதியின் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகவிடாமல் வெளியே விடுவதும் இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைக்கும்.

நீருக்கு அடுத்த பகை கனிம எண்ணெய். இக்காலச் சீல்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் ஆகியவற்றில் எது பட்டாலும் அவை ஊதிப் போகும். நெல் விளையும் ஊர்களின் பட்டறைகளில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும்தான் முதன்மை வேலை. இன்றைய டிராக்டர்களில் பலவற்றின் பிரேக் தட்டுகள் கியர் பெட்டியின் எண்ணெயிலேயே மூழ்கி இயங்குபவை. டிராக்டருக்குப் பயன்பட்ட புனலும் குவளையும் காரின் பிரேக் கிண்ணத்துக்கும் பயன்பட்டால், அந்தச் சிறு கலப்பே மாஸ்டர் சிலிண்டர் முதல் காலிப்பர் வரை எல்லாச் சீல்களையும் கெடுக்கப் போதும். பிரித்த உறுப்புகளை டீசலில் கழுவும் பழக்கம் என்ஜினுக்குப் பொருந்தலாம். பிரேக்குக்கு அது விலக்கப்பட வேண்டியது.

கசிவை உறுதி செய்தல்

சக்கரத்தின் உட்புறத்தில் தெரியும் ஈரம் எல்லாம் பிரேக் ஆயில் ஆகாது. ஷாக் அப்சார்பரின் எண்ணெயும், அச்சுமுனை ரப்பர் உறை கிழிந்து தெறித்த கிரீஸும் அதே இடத்தில் படியும். சந்தேகமான துளியை ஒரு கண்ணாடிக் குவளை நீரில் விட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: கிளைக்கால் திரவம் நீரில் கரைந்து மறையும், கனிம எண்ணெய் மேலே படலமாக மிதக்கும். ஆயில் கிண்ணத்தின் மட்டம் இறங்குவது மட்டும் கசிவுக்குச் சான்றாகாது. பேடு தேய்ந்து பிஸ்டன் வெளியே வந்தாலும் மட்டம் மெல்ல இறங்கும். மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெதுவாகக் கீழே போனால் எங்கோ கசிவு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் போயிருக்கிறது என்று பொருள். பழைய வண்டிகளில் இருந்த ஒற்றைச் சுற்று அமைப்பில், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர் கொண்ட அமைப்பில், ஒரு சக்கரத்தின் கசிவு முழு பிரேக்கையும் இழக்கச் செய்யும். ஆகவே அவ்வகை வண்டிகளில் சிறு ஈரம்கூட வண்டியை நிறுத்திவைக்கப் போதிய காரணம்.

பிரித்தலும் சேர்த்தலும்

காலிப்பரைக் கழற்றுவதற்கு முன்பே ப்ளீடிங் நிப்பிள் அசைகிறதா என்று பார்ப்பது முறை. துருவால் இறுகிய நிப்பிள் உடைந்தால் வேலையின் அளவும் செலவும் மாறிவிடும். பிஸ்டனை வெளியே எடுக்கப் பிரேக் மிதியின் அழுத்தமோ காற்றழுத்தமோ பயன்படுகிறது. காற்றைப் பயன்படுத்தும்போது பிஸ்டனுக்கு எதிரே மரக்கட்டை வைத்து, விரல்களை விலக்கி, சிறிது சிறிதாகக் காற்று விட வேண்டும். இல்லையெனில் பாய்ந்து வரும் பிஸ்டன் விரலை நசுக்கும். இறுகிப்போன பிஸ்டனைக் கிரீஸ் கன் கொண்டு தள்ளி எடுக்கும் உத்தியும் உண்டு. அதன் விசை அதிகம், வேகம் குறைவு என்பதால் அது பாதுகாப்பானது, ஆனால் பிறகு கனிமக் கிரீஸின் சுவடுகூட எஞ்சாமல் ஸ்பிரிட்டால் கழுவியாக வேண்டும்.

பிரித்த பின் தீர்ப்பு சொல்ல வேண்டியவை இரண்டு இடங்கள். முதலாவது பிஸ்டனின் வெளிப்பரப்பு: வளையம் பயணம் செய்யும் பகுதியில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் புள்ளியோ குரோம் உரிந்த இடமோ இருந்தால், அதைத் தேய்த்து மெருகேற்றுவதில் பயனில்லை, பிஸ்டன் மாற வேண்டும். இரண்டாவது வளையம் அமரும் பள்ளம்: அதன் அடியில் படிந்த துருவும் கசடும் வளையத்தைப் பின்னிருந்து உந்தி, பிஸ்டனை அளவுக்கு மீறி இறுக்குகின்றன. மூங்கில் குச்சி போன்ற உலோகமற்ற முனையால் பள்ளத்தைச் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்தால், அடியில் இருப்பது வெறும் படிவா, இரும்பையே தின்ற குழியா என்பது தெரியும். பள்ளத்தின் விளிம்பு குழிந்திருந்தால் எந்தப் புதிய வளையமும் நீண்ட நாள் நிற்காது. அங்கே புதுக் காலிப்பர்தான் வழி.

சேர்க்கும்போது வளையத்தையும் பிஸ்டனையும் புதிய பிரேக் ஆயிலில் நனைத்து, பிஸ்டனைக் கையழுத்தத்தாலேயே நேராக இறக்க வேண்டும். சாய்ந்து சிக்கினால் சுத்தியலை நாடாமல் வெளியே எடுத்து மீண்டும் தொடங்குவதே சரி. தூசி உறையின் உள்ளே, விளக்கெண்ணெய் அடிப்படையிலான சிவப்பு ரப்பர் கிரீஸ் மெல்லியதாகத் தடவுவது ஈரத்தை நெடுநாள் தடுக்கும். நகரும் காலிப்பரின் வழிகாட்டி ஊசிகளுக்கு அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் இட வேண்டும். ஊசி இறுகினால் ஒரு பேடு மட்டும் தேயும். பிஸ்டன் எவ்வளவு புதிதானாலும் அந்தக் குறை தீராது. பின்னர் காற்று எடுத்து, எஞ்சின் ஓடும் நிலையில் மிதியை முழு விசையோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, இரு காலிப்பர்களும் உலர்ந்திருப்பதைக் கண்டு, சிறிது தூரம் ஓட்டிய பின் இரு பக்க டிஸ்க்குகளின் சூட்டையும் ஒப்பிட்டால் சோதனை நிறைவு பெறும். ஒரு பக்கம் கசிந்தாலும் இரு பக்கமும் சேர்த்துப் புனரமைப்பது மரபு. இல்லையெனில் பிரேக் போடும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும்.

மாறுபடும் கருத்துகள்

இரு பாதிகளாக வார்த்துப் போல்ட்டால் இணைத்த நிலைக் காலிப்பரைப் பிளக்கலாமா என்பதில் நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. தயாரிப்பாளர்களின் பழைய கையேடுகள் பிளக்க வேண்டாம் என்றே சொல்லின. இணைப்பில் உள்ள சிறு ஆயில் வழிச் சீலும், நீண்டுகொடுக்கும் போல்ட்டுகளும் அதற்குக் காரணம். பழைய வண்டிகளை மீட்டெடுப்போர் பிளக்காமல் பள்ளத்தைச் சுத்தம் செய்ய இயலாது என்கின்றனர். உரிய இடைச்சீலும் புதிய போல்ட்டும் இறுக்க அளவும் கைவசம் இல்லாத இடத்தில் முதற்கூற்றே ஏற்கத்தக்கது.

கிடைக்காத பிஸ்டனை லேத் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகில் கடைந்துகொள்வது மற்றொரு வழி. அவ்வகை எஃகு வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் ஆயில் சூடேறுவதும் குறையும் என்பது கூடுதல் நன்மை. ஆனால் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள் அளவும், கண்ணாடிக்கு நெருங்கிய மெருகும் இல்லாவிட்டால் புதுப் பிஸ்டனே புது வளையத்தை அறுத்துவிடும். ஆகவே இந்த வழி, தேய்ப்புப் பொறியும் மைக்ரோமீட்டரும் பயன்படுத்தும் பட்டறைக்கு மட்டும் உரியது.

டாட் 5 என்னும் சிலிக்கான் திரவம் ஈரத்தை உறிஞ்சாது என்பதால், கொட்டகையில் நெடுநாள் நிற்கும் பழைய கார்களுக்கு அதைப் பரிந்துரைப்போர் உளர். உறிஞ்சாத நீர் மறைந்துவிடுவதில்லை. அது தனித் துளியாகத் தாழ்ந்த இடமான காலிப்பரில் தேங்கி அங்கேயே துருவை மூட்டும். கிளைக்கால் திரவத்தோடு அது கலக்காது. மிதியும் சற்றே பஞ்சு போல் அமுங்கும். எல்லாச் சீல்களையும் குழாய்களையும் முற்றாக மாற்றிய காட்சி வண்டிக்கு அது பொருந்தலாம். அன்றாடம் ஓடும் வண்டிக்கு, காலம் தவறாமல் மாற்றப்படும் டாட் 3 அல்லது டாட் 4 திரவமே போதுமானது.

சந்தையும் சட்டமும்

அம்பாசடர் உற்பத்தியும் மாருதி 800 உற்பத்தியும் 2014-இல் நின்றன. பின்னதன் உதிரிபாகங்கள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. அதற்குப் புதுக் காலிப்பர் வாங்குவது பல வேளைகளில் புனரமைப்பின் மொத்தச் செலவை நெருங்கிவிடும். முன்னதற்கு நல்ல உறுப்பு கிடைப்பது அரிதாகி வருவதால் புனரமைப்பே நடைமுறை வழியாகிறது. இரண்டுக்கும் பொதுவான இடர் போலிச் சரக்கு. சீலின் ரப்பர் தரம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், கடையின் நம்பகமும் உறையின் முத்திரையும் தயாரிப்புத் தேதியும் பார்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.

சட்டமும் இந்தக் கணக்கில் இடம்பெறுகிறது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. இத்தகைய செலவை ஏற்றுப் பழைய வண்டியை வைத்திருக்க முடிவு செய்பவருக்கு, பிரேக்கை ஒழுங்காகப் புனரமைக்கும் செலவு தனிச் சுமையாகத் தோன்றாது. சோதனைக்கு முந்தைய நாள் ஆயிலை நிரப்பிக்கொண்டு போவது அந்த ஒரு நாளைக் கடத்துமே தவிர, சாலையில் உதவாது.

முடிவு

கிட், பிஸ்டன், காலிப்பர் என்ற மூன்று தீர்வுகளும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. அவை கேட்டின் மூன்று நிலைகளுக்கு உரியவை. பிஸ்டனும் பள்ளமும் பழுதின்றி ரப்பர் மட்டும் முதிர்ந்திருந்தால் கிட் போதும். பிஸ்டனில் புள்ளி விழுந்திருந்தால் பிஸ்டனும் சேர வேண்டும். பள்ளமே அரிக்கப்பட்டிருந்தால் காலிப்பரை ஒதுக்க வேண்டும். ஆகவே கசிவை வெளியிலிருந்து பார்த்துச் செலவு சொல்வது முறையாகாது. பிரித்துத் துடைத்த பின்னரே விலை பேச முடியும் என்பதை வண்டிக்காரரும் பட்டறைக்காரரும் முன்பே ஒத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

எந்தத் தீர்வும் நிலைப்பது அதற்குப் பின் ஆயில் மாற்றும் ஒழுங்கைப் பொறுத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது தயாரிப்பாளர்கள் பலரும் சொல்லும் கால அளவு. டெல்டாவில் அதற்கு ஏற்ற பருவம், மழைக்காலம் முடிந்து சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி: அந்த மழை சேர்த்த ஈரம் பழைய ஆயிலோடு வெளியேறும், தூசி உறைகளையும் உலர்ந்த நிலையில் சோதிக்கலாம், நெல் விற்ற பணமும் கையில் இருக்கும். வெளியேற்றிய பழைய ஆயிலை வாய்க்காலில் விடாமல் தனி டப்பாவில் சேர்த்து, பழைய என்ஜின் ஆயிலோடு கலக்காமல் கழிவாக ஒப்படைப்பதும் அந்த ஒழுங்கின் பகுதியே. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் வண்டியில் சாதாரணக் கிட்டும் நெடுநாள் உழைக்கும். கடைப்பிடிக்காத வண்டியில் புதுக் காலிப்பரும் சில மழைக்காலங்களுக்குள் பழைய நிலைக்கே திரும்பும்.